ரெண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்சர்: ரெக்கார்டு மிக்ஸ் பண்ணக் கத்துக்கிறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ரெக்கார்டு மிக்ஸ் பண்றது கைவேலைன்னு தான் நிறைய பேர் நினைக்கிறாங்க, வீடியோல பார்க்கும்போது கை தானே தெரியுது, அதனால அப்படித் தோணும். ஆனா முக்கால்வாசி இது காது வேலை. ரெண்டு பாட்டு ஒரே நேரத்துல ஓடும்போது எது முன்னாடி ஓடுது எது பின்னாடி இழுக்குதுன்னு காதுக்குப் புரிஞ்சுட்டா கை தானா போய் சரி பண்ணிடும். அது புரியாம எவ்ளோ விலை குடுத்து மெஷின் வாங்கினாலும் சத்தம் தடதடன்னு தான் வரும். அதனால இந்த வழிகாட்டில காதைப் பழக்குற பகுதியைத் தான் நீட்டி எழுதியிருக்கேன், மத்ததெல்லாம் தேவையான அளவுக்கு.

என்னென்ன வேணும்

டர்ன்டேபிள் ரெண்டு. அதுல ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க, டைரக்ட் டிரைவ் தான் வேணும், அதாவது மோட்டாரே நேரா தட்டைச் சுத்துற மாதிரி. பெல்ட் டிரைவ்ல மோட்டாருக்கும் சுத்துற தட்டுக்கும் நடுவுல ஒரு ரப்பர் பெல்ட் இருக்கும், ரெக்கார்டைக் கையால பிடிச்சா தட்டும் சேர்ந்து திணறும், விட்டதுக்கப்புறம் பழைய வேகத்துக்கு வர நேரம் எடுக்கும், அந்த நேரத்துல உங்க பீட் எங்கயோ போயிருக்கும். உட்கார்ந்து பாட்டு கேக்க பெல்ட் டிரைவ் நல்லாவே இருக்கும், ஆனா இந்த வேலைக்கு ஆகாது.

எல்லாரும் சொல்ற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 முதல்ல 1972ல வந்துச்சு, வீட்டுல பாட்டு கேக்குறவங்களுக்குன்னு தான் வந்துச்சு. 1979ல வந்த எம்கே2 மாடல்ல தான் ரெக்கார்டோட வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நீளமான பிட்ச் ஸ்லைடர் வந்து அது டிஜேக்களோட மெஷினா மாறுச்சு. 2010ல தயாரிப்பை நிறுத்தினாங்க, 2016ல திரும்ப ஆரம்பிச்சாங்க. அதே தான் வாங்கணும்னு இல்லை, அதே டிசைன்ல வேற கம்பெனிகளும் நல்ல மெஷின் பண்றாங்க. பழசு வாங்கினா தட்டோட ஓரத்துல இருக்கிற புள்ளிகளைப் பாருங்க, ஸ்ட்ரோப் லைட் அது மேல விழும்போது பெரிய புள்ளி வரிசை அசையாம நின்ன மாதிரி தெரியணும், அப்படின்னா ஜீரோ பிட்ச்ல வேகம் சரியா இருக்குன்னு அர்த்தம். பிட்ச் ஸ்லைடரை முழுசா மேலயும் கீழயும் நகர்த்திப் பாருங்க, எங்கயாவது வேகம் குதிச்சா உள்ள தூசியோ தேய்மானமோ இருக்கு.

மிக்சர் ரெண்டு சேனல் போதும், நாலு சேனல் ஆரம்பத்துல வீண். ஆனா ஒவ்வொரு சேனலுக்கும் உள்ள வர்ற சத்தத்தோட அளவை வைக்கிற கெயின் நாப் தனியா, பேஸ் மிட் ட்ரெபிளைத் தனித்தனியா ஏத்தி இறக்க மூணு ஈக்யூ நாப், ஹெட்ஃபோன்ல தனியா கேக்குறதுக்கு கியூ பட்டன், பின்னாடி போனோ இன்புட், இவ்ளோவும் இருக்கணும். ஹெட்ஃபோன் காதை முழுசா மூடுற மாதிரி, ஒரு பக்கத்தைத் திருப்பி விடக்கூடிய மாதிரி இருந்தா நல்லது.

அப்புறம் ஸ்லிப்மேட். டர்ன்டேபிளோட வர்ற தடிமனான ரப்பர் மேட்டை எடுத்துட்டு ஃபெல்ட் துணியில செஞ்ச ஸ்லிப்மேட் போடுங்க, ரெக்கார்டைப் பிடிச்சாலும் அடியில தட்டு சுத்திக்கிட்டே இருக்கணும், அதுக்குத் தான் இது. இன்னும் வழுக்கணும்னா ஸ்லிப்மேட்டுக்கு அடியில ரெக்கார்டு அளவுக்கு வட்டமா வெட்டின மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட் ஒன்னு போடலாம்.

வயரும் ஊசியும்

டர்ன்டேபிளோட வயர் மிக்சர்ல போனோன்னு எழுதியிருக்கிற இடத்துக்குத் தான் போகணும். காரணம் இருக்கு. ஊசி மாட்டியிருக்கிற கார்ட்ரிட்ஜ்லேர்ந்து வர்ற சிக்னல் சில மில்லிவோல்ட் தான், அதோட ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைச்சு ட்ரெபிளை ஏத்தித் தான் வெட்டுவாங்க, இல்லன்னா பள்ளம் ரொம்ப அகலமாகி ஒரு பக்கத்துல பாட்டே கொள்ளாது. போனோ இன்புட் அதைத் திருப்பி சரிபண்ணி சத்தத்தையும் ஏத்திக் குடுக்கும். தெரியாம லைன்னு எழுதியிருக்கிற இடத்துல சொருகிட்டீங்கன்னா சத்தம் சன்னமா, பேஸே இல்லாம கீச்சுன்னு வரும். சில புது டர்ன்டேபிள்ல உள்ளயே போனோ பிரீஆம்ப் இருக்கும், பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், அதை லைன்ல விட்டுட்டு மிக்சரோட போனோல சொருகினா சத்தம் உடைஞ்சு போய் வரும், ரெண்டுல ஒன்னு தான் வேலை செய்யணும்.

தனியா ஒரு மெல்லிய கிரவுண்டு வயர் வரும், அதை மிக்சர் பின்னாடி இருக்கிற திருகுல மாட்டுங்க. மாட்டலன்னா "ம்ம்ம்ம்"னு ஒரு இரைச்சல் விடாம கேக்கும்.

ஊசி எடை தான் அடுத்தது. ஊசியோட கவர் இருந்தா கழட்டிடுங்க, ஆன்டி-ஸ்கேட்டை (ஊசி உள்பக்கமா இழுபடாம தடுக்கிற செட்டிங்) ஜீரோல வைங்க, ஊசியைத் தாங்குற டோன்ஆர்மோட பின்பக்க எடையைத் திருகி ஆர்ம் மேலயும் போகாம கீழயும் விழாம அந்தரத்துல மிதக்கிற மாதிரி கொண்டு வாங்க. அப்படி மிதக்கும்போது எடையில இருக்கிற நம்பர் வளையத்தை மட்டும் ஜீரோக்குத் திருப்புங்க, அதுக்கப்புறம் எடையை முழுசா சேர்த்துத் திருகி கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொல்ற கிராமுக்குக் கொண்டு வாங்க. டிஜேக்களுக்குன்னு வர்ற கார்ட்ரிட்ஜ் பலதுக்கு 3லேர்ந்து 4 கிராம் வரும், ஆனா உங்களோடது என்னன்னு அந்தப் பேப்பர்ல பாத்துக்கங்க. ஊசி குதிக்குதுன்னு எடை மேல எடை ஏத்துறவங்க உண்டு, ரெக்கார்டும் போகும் ஊசியும் போகும். ரெண்டு டர்ன்டேபிள்லயும் ஒரே கார்ட்ரிட்ஜ் ஒரே எடை வைங்க, இல்லன்னா ஒரு பக்கம் பேஸ் கனமா இன்னொரு பக்கம் மெலிசா வந்து காது குழம்பும்.

எந்த ரெக்கார்டுல ஆரம்பிக்கிறது

பத்து ரெக்கார்டு போதும். நூறு வாங்கி அடுக்கிட்டு எதையும் முழுசா தெரியாம இருக்கிறதை விட பத்தை உள்ளங்கை மாதிரி தெரிஞ்சு வச்சிருக்கிறது மேல். பத்தும் ஒரே மாதிரி இசை, வேகம் பக்கத்துல பக்கத்துல, உதாரணத்துக்கு எல்லாம் 120 பிபிஎம்முக்கும் 128க்கும் நடுவுல (பிபிஎம்னா ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பீட்னு அர்த்தம்).

ட்ரம் மெஷின்ல பண்ணின பாட்டாப் பாருங்க. ஹவுஸ், டெக்னோ மாதிரி டான்ஸ் மியூசிக். 1983ல வந்த ரோலண்ட் டிஆர்-909 மாதிரி மெஷின்ல ஒரு தடவை வேகம் வச்சா கடைசி வரைக்கும் அதே வேகம் தான். மனுஷன் உட்கார்ந்து ட்ரம்ஸ் வாசிச்ச 70கள்ல வந்த டிஸ்கோ, ஃபங்க் ரெக்கார்டெல்லாம் கேக்க அருமையா இருக்கும், ஆனா கோரஸ் வரும்போது ட்ரம்மர் கொஞ்சம் உற்சாகமாகி ஓடுவார், வெர்ஸ்ல கொஞ்சம் தளருவார், அதுக்கேத்த மாதிரி நீங்க பிட்சை மாத்திக்கிட்டே இருக்கணும். அதெல்லாம் அப்புறம்.

12 இன்ச் சிங்கிளா வாங்குங்க. எல்பில ஒரு பக்கத்துல அஞ்சாறு பாட்டு நெருக்கி வெட்டியிருக்கும், 12 இன்ச்ல ஒன்னு ரெண்டு தான், பள்ளம் அகலமா இருக்கும், சத்தமும் பேஸும் நல்லா வரும். அதோட டிஜேக்களுக்குன்னே பாட்டோட தொடக்கத்துலயும் முடிவுலயும் வெறும் ட்ரம்ஸ் மட்டும் நீளமா விட்டிருப்பாங்க, நீங்க மிக்ஸ் பண்ற இடமே அது தான்.

இந்தப் பத்துல ஒரு ரெக்கார்டு மட்டும் ரெண்டு காப்பி வாங்குங்க. எதுக்குன்னு கொஞ்ச நேரத்துல வருது.

எண்ணிப் பழகுறது

மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி எண்ணக் கத்துக்கங்க. நாலு பீட் ஒரு பார். நாலு பார்னா 16 பீட், எட்டு பார்னா 32 பீட், இந்த 32 பீட் தான் ஒரு ஃப்ரேஸ், டான்ஸ் மியூசிக்ல பெரிய மாற்றம் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்குல தான் வரும். ஹை-ஹாட் ("ட்ஸ்"னு கேக்குற சின்ன சிம்பல் சத்தம்) புதுசா சேருதா, பேஸ் நுழையுதா, ஒரு சிம்பல் "சிஷ்ஷ்"னு விழுதா, பாருங்க, அது ஃப்ரேஸோட முதல் பீட்ல தான் விழும். தாளம் போடத் தெரிஞ்சவங்களுக்கு இது ரொம்ப சுலபம், ஏற்கனவே கை எண்ணிக்கிட்டு இருக்கும்.

125 பிபிஎம்ல ஓடுற பாட்டுல 32 பீட் கிட்டத்தட்ட 15 செகண்ட். பஸ்ல போகும்போது கூட கேட்டுக்கிட்டே "ஒன்னு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு, மூணு ரெண்டு மூணு நாலு"ன்னு எட்டு வரைக்கும் எண்ணுங்க. எண்ணாமயே அடுத்த மாற்றம் எப்போ வரும்னு தோண ஆரம்பிக்கிற வரைக்கும் எண்ணுங்க.

அப்படியே ஒவ்வொரு ரெக்கார்டோட பிபிஎம்மையும் எழுதி வைங்க. 30 செகண்ட்ல எத்தனை பீட்னு எண்ணி ரெண்டால பெருக்கினா போதும், பிட்ச் ஜீரோல இருக்கும்போது எண்ணுங்க, சின்ன ஸ்டிக்கர்ல எழுதி கவர் மேல ஒட்டிடுங்க. ஆப் இருக்கு, மிக்சர்ல கவுண்டர் இருக்கு, இருந்தாலும் முதல் பத்து ரெக்கார்டுக்குக் கையால எண்ணுங்கன்னு தான் சொல்வேன், எண்ணும்போதே அந்தப் பாட்டு மனசுல ஏறிடும்.

ரெக்கார்டையும் கண்ணால படிக்கலாம். வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, சத்தம் நிறைய இருக்கிற இடம் வெளிறின மாதிரி தெரியும், ட்ரம்ஸ் நின்னு அமைதியா போற இடம் கறுப்பா வழவழன்னு தெரியும். பிரேக்டவுன் எங்க வருது, எவ்ளோ தூரத்துல பீட் திரும்ப வருதுன்னு ஊசியை வைக்காமயே தெரிஞ்சுடும்.

முதல் பீட்டைப் பிடிக்கிறதும் விடுறதும்

மோட்டார் ஓடட்டும், நிறுத்தாதீங்க. ரெக்கார்டோட ஓரத்துல ரெண்டு விரலை லேசா வச்சுப் பிடிங்க, அடியில தட்டு சுத்திக்கிட்டே இருக்கும். அழுத்தினீங்கன்னா தட்டும் நின்னுடும், அவ்ளோ பலம் வேண்டாம். ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே முதல் கிக் ("டும்"னு கனமா விழுற ட்ரம் சத்தம்) எங்க வருதுன்னு தேடுங்க, வந்ததும் அந்த கிக்கை முன்னாடி பின்னாடி ஆட்டுங்க, "வுக்-வுக்"னு கேக்கும். கிக் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு நூலிழை முன்னாடி நிறுத்துங்க.

அந்த இடத்தை அடையாளம் வச்சுக்க லேபிள் மேல சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம், கிக் ஊசிக்கு அடியில இருக்கும்போது ஸ்டிக்கர் நேரா மேல பார்த்த மாதிரி. ஹிப்-ஹாப் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் 70கள்லயே ரெக்கார்டு மேல கிரேயான்ல கோடு போட்டு, எத்தனை சுத்து பின்னாடி சுத்தினா அதே இடம் வரும்னு கணக்கு வச்சிருந்தார். 33⅓ ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 33⅓ சுத்து) ஒரு சுத்துக்கு 1.8 செகண்ட். பாட்டு சரியா 133 பிபிஎம் பக்கம் இருந்தா ஒரு சுத்துக்கு நாலு பீட், அதாவது ஸ்டிக்கர் ஒவ்வொரு தடவை மேல வரும்போதும் ஒரு பார் முடிஞ்சிருக்கும், இது தெரிஞ்சப்போ எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

விடுறது எப்படின்னா, விரலை எடுத்தா மட்டும் போதாது. ஓடுற பாட்டோட பீட்டுக்கு ஏத்த மாதிரி ரெக்கார்டை லேசா முன்னாடி தள்ளி விடணும், தட்டோட வேகத்துக்கு நீங்களே கொண்டு போய் விடுற மாதிரி. சும்மா கையை எடுத்தா ரெக்கார்டு வேகம் பிடிக்கிற அந்தக் கண நேரத்துல பீட் பின்தங்கிடும். ரொம்ப வேகமா தள்ளினா முன்னாடி போயிடும். ஆட்டும்போதே பீட்டுக்கு ஆட்டுங்க, டும்-டும்-டும்-டும், கடைசி டும்முக்கு விட்டுடுங்க.

ஒரே ரெக்கார்டு, ரெண்டு காப்பி

இப்போ அந்த ரெண்டு காப்பி. ரெண்டையும் ரெண்டு மெஷின்ல போடுங்க, ரெண்டு பிட்ச்சும் ஜீரோ. ஒன்னை ஸ்பீக்கர்ல ஓட விடுங்க, இன்னொன்னை முதல் கிக்ல பிடிச்சு நிறுத்தி ஃப்ரேஸோட முதல் பீட்ல விடுங்க. வேகம் ஏற்கனவே ஒன்னு தான், அதனால நீங்க சரியா விட்டீங்களான்றது மட்டும் தான் கேள்வி. வேற எதையும் யோசிக்க வேண்டியதில்லை. நிறைய பேர் இதை விட்டுட்டு நேரா ரெண்டு வேற பாட்டைப் போட்டு, தப்பு விட்டதுல இருக்கா வேகத்துல இருக்கான்னே தெரியாம மாசக்கணக்குல அல்லாடுவாங்க.

ரெண்டும் ஒட்டிக்கிட்டா ஒரு விசித்திரமான சத்தம் வரும், விமானம் தலைக்கு மேல போற மாதிரி "ஷ்ஷுவூ"ன்னு சுழலும். ஒரே சத்தம் சில மில்லிசெகண்ட் இடைவெளியில ரெண்டு தடவை வந்தா அப்படித் தான் கேக்கும். அது கேட்டுச்சுன்னா நீங்க கிட்டத்தட்ட கச்சிதமா இருக்கீங்க.

1973ல நியூயார்க்கோட பிராங்க்ஸ்ல பார்ட்டி ஆரம்பிச்ச டிஜே கூல் ஹெர்க்கும் ஒரே ரெக்கார்டோட ரெண்டு காப்பியை வச்சு தான் ட்ரம் பிரேக்கை, அதாவது ட்ரம்ஸ் மட்டும் வர்ற இடத்தை, நீட்டிக்கிட்டே போனார். உங்களுக்கும் கை வந்ததும் அதைப் பண்ணிப் பாருங்க, ஒன்னு ஓடும்போது இன்னொன்னை எட்டு பார் பின்னாடி சுத்தி எடுத்து விடுறது.

பிட்ச்

இப்போ வேற வேற பாட்டு. ஒன்னு 126, இன்னொன்னு 122ன்னு வைங்க. 122ஐ 126 ஆக்கணும்னா 3.3 சதவீதம் ஏத்தணும். கணக்கு சுலபம், 120 பக்கத்துல இருக்கிற பாட்டுக்கு ஒரு சதவீதம்னா சுமாரா ஒன்னேகால் பிபிஎம். பெரும்பாலான மெஷின்ல பிளஸ் மைனஸ் 8 சதவீதம் வரைக்கும் போகலாம், டெக்னிக்ஸ்ல ஸ்லைடரை உங்க பக்கம் இழுத்தா வேகம் கூடும்.

ஆனா கணக்கு உங்களைப் பக்கத்துல தான் கொண்டு போய் விடும். எவ்ளோ பக்கத்துல போகணும்னு பாருங்க: 125 பிபிஎம்ல ஒரு பீட்டுக்கு 0.48 செகண்ட். ஒரு சதவீதம் தப்பா இருந்தா 48 செகண்ட்ல ஒரு முழு பீட் விலகிப் போயிருக்கும், அதுக்கு ரொம்ப முன்னாடியே ரெண்டு கிக்கும் தனித்தனியா கேக்க ஆரம்பிச்சுடும். 0.1 சதவீதம் தான் தப்புன்னா கூட ஒரு நிமிஷத்துல 60 மில்லிசெகண்ட் விலகும், அதுவும் காதுக்குத் தெரியும். ஸ்லைடர்ல 0.1ன்றது கண்ணுக்கே தெரியாத ஒரு அசைவு. அதனால பிட்ச்சை ஒரு தடவை வச்சுட்டு சும்மா இருக்கலாம்ன்ற எண்ணத்தை விட்டுடுங்க, நல்ல டிஜேக்களோட விரல் மிக்ஸ் முடியிற வரைக்கும் ரெக்கார்டு பக்கத்துலயே தான் இருக்கும். விலகாம இருக்கிறது இங்க திறமை இல்லை, விலகுறதை மத்தவங்க காதுக்கு எட்டுறதுக்கு முன்னாடி கேக்குறது தான் திறமை.

தேடுறதுக்கு ஒரு வழி. பிளஸ் 4ல வைங்க, வேகமா ஓடுதா? அப்போ பிளஸ் 2. இப்போ மெதுவா இருக்கா? பிளஸ் 3. கொஞ்சம் மெதுவா? 3.5. இப்படிப் பாதி பாதியா குறுக்கிக்கிட்டே வாங்க. கொஞ்சம் கொஞ்சமா ஒரே திசையில நகர்த்திக்கிட்டே போறதை விட இது சீக்கிரம் முடியும்.

எது முன்னாடி ஓடுது?

எல்லாரும் மாட்டிக்கிற இடம் இது தான். சேரலைன்னு எல்லாருக்கும் கேக்கும், குருடனுக்கும் தெரியும் அது, "ட-டும் ட-டும்"னு இடிக்கும். எந்தப் பக்கம் சரி பண்றதுன்னு தான் தெரியாது.

ஹெட்ஃபோனை ஒரு காதுல வைங்க, அதுல வரப்போற பாட்டு. இன்னொரு காது திறந்திருக்கட்டும், அதுல ஸ்பீக்கர். முதல்ல ஹெட்ஃபோன்ல இருக்கிற கிக்கோட குரலை மனசுல பதிச்சுக்கங்க, அது கட்டையா "டொம்"னு இருக்கா, "டிக்"னு முனை தெரியுதா. ஒவ்வொரு கிக்கும் வேற வேற குரல். அப்புறம் அந்த "ட-டும்"ல முதல்ல வர்ற "ட" யாரோடது, பின்னாடி வர்ற "டும்" யாரோடதுன்னு கேளுங்க. கிக்ல குழப்பமா இருந்தா ஸ்நேரையோ கிளாப்பையோ கேளுங்க, அதெல்லாம் கூர்மையான சத்தம், முன்ன பின்ன சட்டுன்னு புரியும்.

அப்படியும் தெரியலையா, ஊகிச்சு ஒரு பக்கம் செய்ங்க. ரெக்கார்டை லேசா தடுங்க. இடைவெளி குறைஞ்சா சரியான பக்கம், கூடினா தப்பான பக்கம், உடனே திருப்புங்க. இதுல வெக்கப்பட ஒன்னும் இல்லை, ரொம்ப நாள் அனுபவம் இருக்கிறவங்களும் சத்தமான இடத்துல இதைத் தான் பண்றாங்க.

தடுக்கிறதுக்கு தட்டோட ஓரத்துல விரல் நுனியை லேசா உரசுங்க. தள்ளுறதுக்கு லேபிள் மேல விரலை வச்சு முன்னாடி திருப்புங்க, இல்லன்னா நடுவுல இருக்கிற ஸ்பிண்டிலை ரெண்டு விரலால திருகுங்க. ஓரத்துல கொஞ்சம் தொட்டாலே நிறைய பாதிக்கும், நடுவுல தொட்டா நுணுக்கமா பண்ணலாம்.

இப்போ முக்கியமான விதி. தள்ளித் தள்ளி சரி பண்ண வேண்டியிருந்தா அந்த ரெக்கார்டு மெதுவா இருக்கு, பிட்ச்சைக் கொஞ்சம் ஏத்துங்க. தடுத்துத் தடுத்து சரி பண்ண வேண்டியிருந்தா வேகமா இருக்கு, இறக்குங்க. முதல்ல கையால பீட்டை சேர்த்துட்டு அப்புறம் பிட்ச்சைத் தொடணும், இந்த வரிசை மாறினா எதையும் கண்டுபிடிக்க முடியாது. பத்து செகண்ட் கூட ஒட்டி இருந்துச்சுன்னா நல்ல முன்னேற்றம், அப்புறம் இருபது, அப்புறம் ஒரு நிமிஷம்.

ஸ்பீக்கர் எவ்ளோ தூரத்துல இருக்குன்றதும் கணக்கு. சத்தம் செகண்டுக்கு சுமாரா 343 மீட்டர் தான் போகும், பத்து மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கர்ல வர்ற பீட் கிட்டத்தட்ட 29 மில்லிசெகண்ட் லேட்டா காதுக்கு வரும், ஹெட்ஃபோன்ல வர்றது உடனே. நீங்க ரெண்டையும் ஒட்டி வச்சாலும் அங்க ஆடுறவங்களுக்கு இடிக்கும். டிஜே நிக்கிற இடத்துல பக்கத்துலயே தனி மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கிறது இதுக்குத் தான். மானிட்டர் இல்லன்னா ரெண்டையும் ஹெட்ஃபோன்லயே போட்டு சேர்த்துக்கங்க.

முதல் முழு மிக்ஸ்

பீட் ஒட்டினா மிக்ஸ் ஆயிடாது. 32 பீட்ல பாதியில விட்டீங்கன்னா பீட் கச்சிதமா இருந்தாலும் ஏதோ தப்பா இருக்குன்னு எல்லாருக்கும் தோணும், ஒருத்தர் வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் நடுவுல பேச ஆரம்பிச்ச மாதிரி. அதனால இப்படிப் போங்க:

ஓடிக்கிட்டிருக்கிற பாட்டு முடிவுல ட்ரம்ஸ் மட்டும் வர்ற இடத்துக்கு வரப்போகுது. அதுக்குள்ள அடுத்த ரெக்கார்டை ஹெட்ஃபோன்ல வேகம் சேர்த்து முதல் கிக்ல பிடிச்சு வச்சிருங்க. கெயினைப் பாருங்க, சேனல் மீட்டர்ல ரெண்டும் ஒரே உயரத்துக்கு வரணும், சிவப்புக்குப் போகக்கூடாது, ஒரு ரெக்கார்டு சத்தமா இன்னொன்னு சின்னதா வெட்டியிருப்பாங்க, அதை சரி பண்ற இடம் கெயின் தான், ஃபேடர் (சேனலோட சத்தத்தை ஏத்தி இறக்குற ஸ்லைடர்) இல்லை. புதுப் பாட்டோட பேஸ் நாபை முழுசா இறக்கிடுங்க. ஃப்ரேஸோட முதல் பீட்ல விடுங்க, ஹெட்ஃபோன்ல ஒட்டி இருக்கான்னு ஒரு பார் கேளுங்க, சரின்னா ஃபேடரை மெல்ல ஏத்துங்க.

இப்போ பழைய பாட்டோட பேஸும் புதுப் பாட்டோட ஹை-ஹாட்டும் சேர்ந்து ஓடும். 32 பீட், வேணும்னா 64. அடுத்த ஃப்ரேஸோட முதல் பீட் வரும்போது ஒரு கையால பழசோட பேஸை இறக்கி இன்னொரு கையால புதுசோட பேஸை ஏத்துங்க, ஒரே நேரத்துல. இந்த ஒரு அசைவுல தான் பாட்டு மாறினதே தெரியும். ரெண்டு பேஸும் ஒன்னா ஓடினா கொழகொழன்னு ஆயிடும், ஒரே மாதிரி கிக் ரெண்டு சரியா ஒன்னு மேல ஒன்னு விழுந்தா 6 டெசிபல் வரைக்கும் ஏறும், மாஸ்டர் மீட்டர் சிவப்புல நிக்கும். அப்புறம் பழசை மெல்ல இறக்கி வெளிய எடுத்துடுங்க. அதுல பாடுறது ஆரம்பிக்கிறதுக்குள்ள எடுத்துடணும், ரெண்டு பாட்டுல ரெண்டு குரல் ஒரே நேரத்துல பாடினா எவ்ளோ நல்ல மிக்ஸும் குட்டிச்சுவர்.

இடது வலது நகர்த்தி ஒரு சேனல்லேர்ந்து இன்னொன்னுக்கு மாத்துற கிராஸ்ஃபேடரா, மேல கீழ போற சேனல் ஃபேடரான்னு நிறைய சண்டை நடக்கும். நீளமா கலக்குற ஹவுஸ் டெக்னோவுக்கு சேனல் ஃபேடர் தான் வசதி, ஹிப்-ஹாப்ல வெட்டி வெட்டி மாத்த கிராஸ்ஃபேடர். எது பழகினாலும் இன்னொன்னை மறந்துடாதீங்க: சேனல் ஃபேடர்ல பண்ணும்போது கிராஸ்ஃபேடர் நடுவுல இருக்கணும், கிராஸ்ஃபேடர்ல பண்ணும்போது சேனல் ஃபேடர் ரெண்டும் மேல இருக்கணும்.

எல்லாப் பாட்டையும் ரெண்டு நிமிஷம் கலக்கணும்னு சட்டம் இல்லை. சில ரெக்கார்டுக்கு ஃப்ரேஸ் முடியிற இடத்துல டக்குன்னு வெட்டி மாத்துறது தான் அழகு. 1970 சுமாருக்கு நியூயார்க்ல சாங்க்சுவரின்ற கிளப்ல டிஜே ஃபிரான்சிஸ் கிராஸோ ரெண்டு ரெக்கார்டை மேல மேல ஓட விட்டு பேர் வாங்கினார், அவருக்கு பிபிஎம் கவுண்டரும் இல்லை, இன்னைக்கு இருக்கிற மிக்சரும் இல்லை, காது மட்டும் தான்.

சுருதியைப் பத்தியும் ஒரு வார்த்தை. ரெக்கார்டுல வேகம் ஏத்தினா சுருதியும் ஏறும், 6 சதவீதம்னா கிட்டத்தட்ட அரை ஸ்வரம். அதனால ஜீரோல அழகா சேர்ந்த ரெண்டு பாட்டு, பிளஸ் 5ல அபஸ்வரமா இடிக்கலாம். பாடுற குரலும் கீச்சுன்னு ஆகும். பிட்ச்சை 4க்கு மேல ஏத்த வேண்டி வந்தா அந்த ஜோடியை விட்டுட்டு வேற ஜோடி தேடுறது தான் என் வழக்கம்.

அடிக்கடி வர்ற தொல்லைகள்

ஊசி குதிச்சா முதல்ல தூசியைப் பாருங்க, அப்புறம் எடை, அப்புறம் மேஜை ஆடுதான்னு. பேஸ் ஏத்தும்போது "ஊஊஊ"ன்னு ஊளை விட்டா ஸ்பீக்கரோட அதிர்வு மேஜை வழியா ஊசிக்குப் போய் சுத்திச் சுத்தி வருது, ஸ்பீக்கரை அந்த மேஜை மேல வைக்காதீங்க, டர்ன்டேபிளுக்கு அடியில தடிமனான ஃபோம் வைங்க. ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தா கார்ட்ரிட்ஜைக் கழட்டி அந்த நாலு பின்னையும் காய்ஞ்ச துணியால துடைச்சு மாட்டுங்க, பாதி நேரம் அது தான்.

ரெக்கார்டை ஓரத்துல பிடிச்சு எடுங்க, ஓட்டுறதுக்கு முன்னாடி கார்பன் பிரஷ்ல ஒரு சுத்து, நிமிர்த்தி அடுக்கி வைங்க. படுக்க வச்சு அடுக்கினா அடியில இருக்கிறது வளைஞ்சுடும், வெயில்ல காருக்குள்ள விட்டா எல்லாமே வளைஞ்சுடும்.

காது விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. 85 டெசிபல்னா எட்டு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்னு தான் வேலையிடப் பாதுகாப்பு அளவுகோல் ஒன்னு சொல்லுது, அந்தக் கணக்குல 100 டெசிபல்ல கால் மணி நேரம் தான். பீட் சேரலைன்னா ஹெட்ஃபோன் சத்தத்தை ஏத்துறது எல்லாருக்கும் வர்ற பழக்கம், ஏத்தாதீங்க, ஸ்பீக்கர் சத்தத்தை இறக்குங்க, அப்போ தான் ரெண்டும் தெளிவா கேக்கும்.

எப்படிப் பிராக்டிஸ் பண்றது

ஒரே ஜோடியை எடுத்து திரும்பத் திரும்ப பண்ணுங்க, சரியா வந்ததும் பிட்ச்சைக் கலைச்சு விட்டுட்டு திரும்ப முதல்லேர்ந்து. மிக்சர்ல பிபிஎம் கவுண்டர் இருந்தா டேப் ஒட்டி மறைச்சுடுங்க. தினமும் அரை மணி நேரம், ஞாயித்துக்கிழமை ஒரேடியா ஆறு மணி நேரம் பண்றதை விட நல்லா வேலை செய்யும், காது களைச்சுப் போனா தப்பைத் தான் பழகும்.

பண்றதை ரெக்கார்ட் பண்ணி மறுநாள் கேளுங்க, அன்னைக்கே கேட்டா எல்லாம் அருமையா இருக்கிற மாதிரி தான் இருக்கும். கேக்கும்போது மூணு விஷயம் மட்டும் குறிச்சுக்கங்க: பீட் எந்த இடத்துல விலகுச்சு, எவ்ளோ நேரம் கழிச்சு நீங்க கவனிச்சீங்க, சத்தம் எங்க குதிச்சுச்சு. ரெண்டாவது நம்பர் குறைஞ்சுக்கிட்டே வந்தா சரியான பாதையில தான் போறீங்க, முதலாவது எப்பவும் இருக்கும்.

நாலஞ்சு பாட்டு இடறாம கோர்க்க வந்ததும் வேற யாரோட செட்டப்லயாவது வாசிச்சுப் பாருங்க, பிட்ச் ஸ்லைடர் வேற மாதிரி இழுக்கும், கிராஸ்ஃபேடர் வேற மாதிரி வெட்டும், உங்க மெஷினைப் பழகினீங்களா மிக்சிங் பழகினீங்களான்னு அங்க தான் தெரியும். போகும்போது உங்க கார்ட்ரிட்ஜ், ஸ்லிப்மேட், ஸ்பேர் ஊசி ஒன்னு எடுத்துட்டுப் போங்க. போனதும் கிரவுண்டு வயர் மாட்டியிருக்கா, ரெண்டு ஆர்மோட எடையும் சரியா, பிட்ச் ஜீரோல ஸ்ட்ரோப் புள்ளி நிக்குதா, இந்த மூணையும் பாத்துட்டு முதல் ரெக்கார்டை வைங்க.